மைக் ஏன் கூவுது?



விழா நடுவுல ஸ்பீக்கர் "கூ..."னு அலறினா, எல்லாரும் காதைப் பொத்திக்கிட்டு மைக்செட் பக்கம்தான் திரும்பிப் பாப்பாங்க. காரணம் பல சமயம் மேடையில இருக்கும்! நம் பள்ளி ஒலிக்குழுவில் நானும் ஒருவன் என்பதால், மிக்சர் பற்றி இங்கே எழுதுகிறேன்.

மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மின்சாரம்தான். பல மைக்குகளின் சிக்னலையும் தனித்தனியாக அளவு பார்த்து, ஒன்றாகச் சேர்த்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவதே மிக்சரின் வேலை. ஒரு மைக்குக்கு ஒரு சேனல்.

வில்லுப்பாட்டை எடுத்துக்குவோம். பாடுபவர் 1, பின்பாட்டு 2, உடுக்கை 3, குடம் 4. பேப்பர் டேப் ஒட்டி, பேரை எழுதிடணும். உடுக்கையும் குடமும் தானாகவே சத்தமா கேட்கும். பாடுவது ஆறாம் வகுப்புத் தங்கச்சின்னு வைங்க. ஒரு மாசம் மனப்பாடம் பண்ணியிருப்பா. அவ குரல் கேட்கலைன்னா எல்லாத்தையும் ஏத்தக் கூடாது. உடுக்கையை இறக்கணும். அப்போ அவ சொல்ற கதை கடைசி வரிசைக்கும் போய்ச் சேரும்.

செட் பண்ணும் முறை:

1. ஆன் பண்ணும்போது முதலில் மிக்சர், கடைசியில் ஆம்ப்ளிஃபயர். ஆஃப் பண்ணும்போது முதலில் ஆம்ப்ளிஃபயர். மாத்திப் பண்ணினா "டம்"னு அடிச்சு ஸ்பீக்கர் கெடலாம்.

2. ஃபேடரை 0-வில் வைத்து, மேடையில் பேசும் அதே குரலில் பேசச் சொல்லுங்க. சிவப்பு விளக்கு எரியாத அளவுக்கு கெயினை ஏத்துங்க. "ஹலோ, மைக் டெஸ்டிங்"னு கிசுகிசுத்தால் அளவு தப்பாகிடும்!

3. லோ-கட் பட்டன் இருந்தால், பேசும் மைக்குகளுக்கு அழுத்துங்க. ஃபேன் காற்றும், தண்டவாளப் பக்கமிருந்து வரும் ரயில் உறுமலும் குறையும். ஆனா தாம்பரம் விமானப்படைத் தளத்து விமானம் தலைக்கு மேல் போனால் எந்தக் குமிழும் உதவாது. பேச்சாளர்தான் கொஞ்சம் நிறுத்தணும்!

சரி, ஏன் கூவுது? ஸ்பீக்கர் சத்தம் மறுபடி மைக்குக்குள்ள போகுது. மிக்சர் அதையும் பெருக்குது. அது திரும்ப ஸ்பீக்கரில் வருது. இப்படியே சுத்திச் சுத்தி வளருது. டென்மார்க் இயற்பியலாளர் லார்சன் பெயரால் இதற்கு 'லார்சன் விளைவு' என்று பெயர். திறந்திருக்கும் மைக்குகள் இரண்டு மடங்கானால், கூவாமல் ஏத்தக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும். அதனால் பேசாத மைக்கை மூடுங்க. ஸ்பீக்கர் எப்போதும் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்கணும். பேசுறவர் மைக் தலையைக் கையால் பொத்தக் கூடாது. பொத்தினால் அது எல்லாப் பக்கச் சத்தத்தையும் இழுக்கும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால், குரல் சுமார் 6 டெசிபல் கூடும். மெதுவான குரல்காரங்க கிட்ட வந்து பேசுங்க.

"ம்ம்ம்" என்ற உறுமல் வேறு. அது 50 ஹெர்ட்ஸ் கரண்ட் தொல்லை. மிக்சருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுங்க. மைக் ஒயரை கரண்ட் ஒயரோடு சேர்த்து ஓட்டாதீங்க. உறுமல் போகணும்னு பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடவே கூடாது. மைக் பிடித்திருப்பவருக்கு ஷாக் அடித்து உயிருக்கே ஆபத்து!

பராமரிப்பு: நம்ம பக்கம் ஐப்பசி, கார்த்திகை ஈரமும் ரோட்டுத் தூசியும் சேர்ந்தால் குமிழைத் திருப்பும்போது "கரகர"ன்னு வரும். துணி போட்டு மூடி, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்க. மாசம் ஒரு தடவை கரண்ட் இல்லாமல், எல்லா ஃபேடரையும் மேலும் கீழும் ஓட்டுங்க. அப்பவும் கரகரத்தால் மெக்கானிக்கிடம் கொடுங்க. ஒயரை முழங்கையில் சுத்தினால் உள்ளே கம்பி அறுந்துடும். பெரிய வட்டமாகச் சுருட்டுங்க.

அடுத்த விழாவில் பேசப் போறவங்க, பாடப் போறவங்க எல்லாரும் மைக் டெஸ்டுக்குச் சீக்கிரமே வாங்க. முக்கியமா, "என் குரல் சின்னது"ன்னு பின்வாங்குறவங்க முதல்ல வாங்க. உங்களுக்கும் ஒரு சேனல் இருக்கு!

– ஒலிக்குழு மாணவன், 11-ஆம் வகுப்பு