மென்சக்தி: வகுப்பறை வழியே ஒரு வெளியுறவு

தான்சானியாவின் ஜான்சிபார் தீவில் 2023-ல் சென்னை ஐஐடி ஒரு வளாகத்தைத் தொடங்கியது. இந்தியாவுக்கு வெளியே அமைந்த முதல் ஐஐடி வளாகம் இதுதான். இதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானபோது வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் உடனிருந்தார். கல்லூரி தொடங்கும் இடத்தில் வெளியுறவு அமைச்சருக்கு என்ன வேலை?

மென்சக்தி என்பது என்ன?

படை பலத்தைக் காட்டி மிரட்டாமல், பணத்தால் வளைக்காமல், பிற நாடுகளைத் தன்பால் ஈர்க்கும் திறனை ‘மென்சக்தி’ என்கிறார்கள். அமெரிக்க அறிஞர் ஜோசப் நை 1990-ல் முன்வைத்த கருத்து இது. இந்தியாவின் மென்சக்தி என்றதும் சினிமாவும் யோகாவும்தான் நினைவுக்கு வரும். ஐ.நா. பொதுச்சபையில் 2014-ல் யோகா தினத் தீர்மானத்தை 177 நாடுகள் இணைந்து முன்மொழிந்தன. ஆனால், இந்தியா நீண்ட காலமாகச் செய்துவரும் முதலீடு கல்வியில் இருக்கிறது.

60 ஆண்டு முதலீடு

வளரும் நாடுகளின் அரசு ஊழியர்களுக்கும் நிபுணர்களுக்கும் பயிற்சி அளிக்கும் ‘ஐடெக்’ திட்டம் 1964-ல் தொடங்கியது. தணிக்கை முதல் தகவல் தொழில்நுட்பம் வரை பல துறைகளில் பயிற்சி உண்டு. விமானக் கட்டணம், தங்குமிடம், பயிற்சிச் செலவு எல்லாம் இந்தியாவுடையது. நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியிலும் வெளிநாட்டு அதிகாரிகள் படிக்கிறார்கள். அங்கே படித்த ஒபசாஞ்சோ, புகாரி இருவருமே பின்னாளில் நைஜீரியாவின் அதிபர்களானார்கள். ஆப்கானிஸ்தானின் முன்னாள் அதிபர் ஹமீது கர்சாய் சிம்லாவில் படித்தவர்.

எல்லை எது?

இங்கே படித்தவர்கள் எல்லாம் இந்தியாவுக்குத் தலையாட்டுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. டெல்லி ஜேஎன்யுவில் முனைவர் பட்டம் பெற்ற பாபுராம் பட்டராய்தான், 1950-ம் ஆண்டின் இந்திய-நேபாள ஒப்பந்தத்தை ரத்துசெய்யக் கோரிய மாவோயிஸ்ட்டுகளின் 40 அம்சக் கோரிக்கையை 1996-ல் நேபாள அரசிடம் அளித்தவர். 2011-ல் அவர் அந்நாட்டின் பிரதமருமானார். படிப்பு தருவது பரிச்சயத்தை, விசுவாசத்தை அல்ல. பேச்சுவார்த்தை மேஜையில் அந்தப் பரிச்சயத்துக்கே மதிப்பு அதிகம்.

நம்பகத்தன்மையே அடித்தளம்

ஈர்ப்பைச் சம்பாதிக்கப் பல ஆண்டுகள் ஆகும். இழக்கச் சில வாரங்கள் போதும். 2021 ஜனவரியில் இந்தியா அண்டை நாடுகளுக்கு கரோனா தடுப்பூசி அனுப்பியபோது பாராட்டு குவிந்தது. இரண்டாவது அலையில் ஏற்றுமதி நின்றதும் வங்கதேசமும் நேபாளமும் இரண்டாம் தவணைக்காகக் காத்திருக்க நேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் காபூல் தாலிபான்களிடம் வீழ்ந்ததும், ஆப்கானியர்களுக்கு ஏற்கெனவே வழங்கிய விசாக்களை இந்தியா செல்லாததாக்கியது. விடுமுறைக்கு ஊர் சென்றிருந்த ஆப்கன் மாணவர்கள் பலர் இந்தியக் கல்லூரிகளுக்குத் திரும்ப முடியவில்லை.

பாதுகாப்பு குறித்த கவலை நியாயமானதே. ஆனாலும், கல்வி உதவித்தொகை கொடுத்து அழைத்த மாணவரை நெருக்கடியில் கைவிட்டால், அந்தத் திட்டத்தின் நோக்கமே சிதைந்துவிடும். வளரும் வல்லரசு ஒன்றின் மென்சக்தியை அளக்க வேண்டியது விழா மேடையில் அல்ல. கொடுத்த வாக்கை அது நெருக்கடியிலும் காப்பாற்றுகிறதா என்பதில்தான்.