கடல் மீனுக்கு உப்பில்லாத் தண்ணீர்!

திண்டுக்கல்லில் இருந்து நத்தம் போகும் சாலையில் இருக்கிறது சாணார்பட்டி. அருகே சிறுமலை. சுற்றிலும் மாந்தோப்பு, தென்னந்தோப்பு. கடலைப் பார்க்க வேண்டுமானால் நூறு கிலோ மீட்டருக்கு மேல் போக வேண்டும்.

இப்படிப்பட்ட ஊரிலும் வீட்டுக்குள் ஒரு சிறு கடலை அமைக்கலாம். கண்ணாடித் தொட்டி, பொட்டலத்தில் வரும் கடல் உப்பு, வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் எல்லாம் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. எளிதில் கிடைக்காதது ஒன்றுதான். அதுதான் தண்ணீர்!

"கடல் மீனுக்கு உப்புத் தண்ணீர்தானே வேண்டும்? கிணற்றில் உப்புக்கா பஞ்சம்?" என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் ஏமாற்றம்.

இந்த உப்பு வேறு!

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அதில் பெரும் பகுதி நாம் குழம்பில் போடும் உப்பு. ஆழ்துளைக் கிணற்றில் இருப்பதோ வேறு. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்பு. அதோடு வயலுக்குப் போட்ட உரத்தின் நைட்ரேட்டும் கலந்திருக்கலாம். நைட்ரேட் தொட்டிக்குள் போனால் பாசிக்குக் கொண்டாட்டம். கண்ணாடியெல்லாம் பச்சையாகிவிடும்.

தேத்தாங்கொட்டை உரைத்தால் கலங்கல் தெளியும். கரைந்த உப்பு போகாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பில் பெரும் பகுதி அப்படியே இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. செம்புக் குடத்தில் தண்ணீர் வைத்துக் குடிப்பது நம் வீடுகளில் வழக்கம். அந்தத் தண்ணீரைக் கடல் தொட்டியில் ஊற்றவே கூடாது! கரைந்த செம்பு சிறிதளவு இருந்தாலும் இறாலும் நத்தையும் செத்துப் போகும். பிளாஸ்டிக் வாளியே போதும்.

நாளுக்கு ஒரு கிராம்

வெயில் காலத்தில் தொட்டித் தண்ணீர் ஆவியாகிக் குறையும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகையால் குறைந்த அளவுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

லிட்டருக்கு ஒரு கிராம் உப்புள்ள கிணற்று நீரைத் தினம் ஒரு லிட்டர் ஊற்றுவதாக வைத்துக்கொள்வோம். நூறு நாளில் நூறு கிராம் வேண்டாத உப்பு தொட்டியில் சேர்ந்துவிடும்! கடல் மீனுக்கு முதலில் உப்பே இல்லாத தண்ணீர் வேண்டும் என்பது இதனால்தான். தொட்டியை நிரப்பும்போது மட்டும் அந்தத் தண்ணீரில் அளந்து உப்பைக் கலக்க வேண்டும். நூறு லிட்டர் தொட்டிக்குச் சுமார் மூன்றரைக் கிலோ.

எந்த எந்திரம்?

ஆர்.ஓ. எந்திரத்தைத் தெரியாதவர் இல்லை. தண்ணீரை மிக நுண்ணிய சவ்வின் வழியே அழுத்தித் தள்ளினால் உப்பு பின்தங்கிவிடும். இதற்கு ஏற்ற சவ்வை 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய இருவரில் ஒருவர், இந்தியாவில் இருந்து சென்ற சீனிவாச சவுரிராஜன். மற்றவர் சிட்னி லோப். சென்னைக்கு அருகே நெம்மேலியில் 2013-ம் ஆண்டு திறந்த ஆலை, கடல் நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறன் கொண்டது. அங்கும் இதே முறைதான்.

ஆனால் சமையல் அறை ஆர்.ஓ. அப்படியே உதவாது. சுவைக்காக அதில் கொஞ்சம் பழைய தண்ணீரையே திரும்பக் கலப்பார்கள்; அல்லது தாதுச் சத்து சேர்ப்பார்கள். நாக்குக்கு நல்லது, தொட்டிக்கு ஆகாது.

மீன் தொட்டிக்கு வாங்கும் எந்திரத்தில் நான்கு உறுப்பு இருக்க வேண்டும். மண்ணைத் தடுக்கும் வடிகட்டி, குளோரினை எடுக்கும் கரி, ஆர்.ஓ. சவ்வு, கடைசியில் டி.ஐ. என்னும் குழாய். இதற்குள் கசகசா போன்ற பிசின் மணிகள் இருக்கும். சவ்வைத் தாண்டி வந்த மிச்ச உப்பையும் இவை பிடித்துக்கொள்ளும். டி.ஐ. மட்டும் போதுமே என்று சிக்கனம் பார்த்தால், கடின நீரில் மணிகள் சீக்கிரமே தீர்ந்துவிடும். அது சிக்கனமல்ல, செலவு!

வெளியே வரும் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். எண் ஏறத் தொடங்கினால் மணிகளை மாற்ற வேண்டும். மாடித் தொட்டியின் அழுத்தம் போதாத வீட்டில் சிறு மோட்டாரும் வேண்டும்.

பவளம் கூடாது!

தொட்டிக்கு அழகு என்று மன்னார் வளைகுடாப் பவளத்தைத் தேடிப் போகக் கூடாது. கடினப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை ஆகியவற்றை 2001-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். அங்கே 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986-ம் ஆண்டு முதல் தேசியப் பூங்கா. கோமாளி மீனைப் பண்ணையிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் கண்டிருக்கிறது. அப்படிப் பிறந்த மீன்தானா என்று கேட்டு வாங்க வேண்டும். பாறைக்குச் செயற்கைப் பாறை இருக்கிறது.

மூன்று குடம் வீண்

வாங்குமுன் வீட்டுப் பெண்களையும் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. தண்ணீர் பிடித்து வைப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தானே! சாதாரண ஆர்.ஓ. எந்திரம் ஒரு குடம் நல்ல தண்ணீர் தருவதற்கு மூன்று குடம் வரை வெளியே தள்ளும். நூறு லிட்டர் தொட்டிக்கு வாரம் 20 லிட்டர் வேண்டுமென்றால் 60 லிட்டர் கழிவு. கோடையில் கிணறு வற்றும் வீட்டில் இது சிறிய கணக்கா?

அந்தத் தண்ணீரைச் சாக்கடைக்கு விடாமல் ஒரு டிரம்மில் பிடிக்கலாம். தரை கழுவலாம். தென்னைக்கு ஊற்றலாம், தென்னை உப்பைத் தாங்கும். மாங்கன்றுக்கு மட்டும் ஊற்றக் கூடாது. இலை ஓரம் கருகிவிடும்.