இறகு கொத்தும் கோழிகள்: காரணமும் பரிகாரமும்

பெருந்தொழிலாக வளர்ந்துவிட்ட பண்ணைக் கோழி வளர்ப்புக்கு இணையாக, புறக்கடைக் கோழி வளர்ப்பும் நம் நாட்டில் புத்துயிர் பெற்று வருகிறது. 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலிருந்த 85 கோடிக்கு மேற்பட்ட கோழியினப் பறவைகளில் ஏறத்தாழ 31.7 கோடி, வீட்டுப் புறக்கடைகளில் வளர்ந்தவை. முந்தைய கணக்கெடுப்பைவிட இது 45 விழுக்காட்டுக்கும் அதிகமான உயர்வாகும். பத்துக் கோழிகள் ஒரு குடும்பத்தின் முட்டைத் தேவையை நிறைவு செய்து, இல்லத்தரசியின் கைக்குச் சிறு வருவாயையும் தருகின்றன. இவ்வருவாயைச் சத்தமின்றிக் கரைத்துவிடும் கேடுகளுள் ஒன்று, கோழிகள் ஒன்றன் இறகை மற்றொன்று கொத்திப் பிடுங்கும் பழக்கமாகும்.

பெங்களூரின் கிழக்கே, காக்ஸ் டவுனை அடுத்துள்ள ஜீவனஹள்ளி போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் இப்பழக்கம் தோன்றுவதற்கான சூழ்நிலை எளிதில் அமைந்துவிடுகிறது. கிராமத்துக் கோழி குப்பைமேட்டையும் களத்துமேட்டையும் நாள் முழுதும் கிளறித் திரியும். நகரத்துக் கோழியோ நாய், பூனை, வாகனம் ஆகியவற்றுக்கு அஞ்சிச் சிமென்டுத் தரையிலோ மொட்டை மாடியிலோ அடைபட்டுக் கிடக்கிறது. கால்களுக்குக் கிளற மண்ணில்லை. அலகுக்குக் கொத்தப் புல்லில்லை. அருகில் நிற்கும் கோழியின் இறகே எஞ்சியிருக்கும் இரையாகிறது.

சண்டையன்று, இரை தேடலே

கோழிக் கூட்டத்தில் மேல்நிலை, கீழ்நிலை என்னும் வரிசை உண்டு என்பதை நார்வே நாட்டு அறிஞர் தோர்லெய்ஃப் ஷெல்டரப்-எப்பே 1920களின் தொடக்கத்தில் ஆராய்ந்து வெளியிட்டார். அவ்வரிசையை நிலைநாட்டும் சண்டையில் கொத்து பெரும்பாலும் தலையிலும் கொண்டையிலும் விழும். வரிசை முடிவானதும் சண்டை தணிந்துவிடும். இறகு கொத்தல் இதனின்றும் வேறானது. இதில் சினமில்லை. கொத்தும் கோழி அமைதியாக அணுகி, முதுகு அல்லது வாலடி இறகைப் பிடுங்கிப் பல வேளைகளில் தின்றும் விடுகிறது. தரையில் இரை தேடும் இயல்பூக்கம் இடம் மாறி வெளிப்படுவதே இது என்பது பின்னாளைய ஆய்வாளர் பலரின் முடிவு. ஆகவே, கொத்தும் கோழியைக் குணங்கெட்டதென ஒதுக்குவதால் மட்டும் பயனில்லை.

இழந்த இடம் காட்டும் காரணம்

இறகு எங்கே உதிர்ந்துள்ளது என்பதை நோக்கினால் காரணத்தை ஓரளவு அறியலாம். கழுத்தின் முன்புறம் மட்டும் தேய்ந்திருப்பின் தீவனத் தொட்டியின் விளிம்பு உராய்ந்திருக்கக்கூடும். பெட்டைகளின் முதுகு மட்டும் வெறுமையானால், சேவல் மிதிப்பது காரணமாகலாம். பெட்டைகள் சிலவே இருக்க, சேவல்கள் மிகுந்த கூட்டத்தில் இது சாதாரணம். உடல் முழுதும் இறகு குறைந்து, புதுக் குருத்துகள் முளைத்து வருமாயின் அது இயற்கையான இறகு உதிர்ப்பு. வாலடியில் இறகு ஒடிந்தும் பிடுங்கப்பட்டும் இருந்தால் இறகு கொத்தல் என ஐயுறலாம். பேன், உண்ணி ஆகியவற்றின் அரிப்பினாலும் கோழிகள் தம் இறகைத் தாமே கோதிக் கெடுத்துக்கொள்வதுண்டு. எனவே இறக்கையின் அடிப்புறத்தையும், இரவில் கூட்டின் இடுக்குகளையும் விளக்கு கொண்டு சோதித்தல் நலம்.

தீவனத்தில் குறை

இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது. கந்தகம் அடங்கிய அமினோ அமிலங்கள் அதற்கு இன்றியமையாதவை. மிஞ்சிய சோறும் நொய்யும் கேழ்வரகும் மட்டுமே உண்ணும் கோழிக்கு எரிசக்தி கிடைக்கிறது. புரதமும் உப்பும் போதிய அளவு கிடைப்பதில்லை. முட்டையிடும் கோழியின் தீவனத்தில் 16 முதல் 18 விழுக்காடு புரதம் இருத்தல் வேண்டும். எள்ளுப் பிண்ணாக்கு, மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் மிகுந்தது. அதனுடன் கடலைப் பிண்ணாக்கும், இயன்றால் மீன் தூளும் சேர்ப்பது நல்லது. நார்ச்சத்துள்ள தவிடும் கீரையும் இரைப்பையை நிறைத்துக் கோழியை அமைதிப்படுத்துகின்றன.

இறகிழந்த கோழி உடல் வெப்பத்தை விரைவில் இழக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரின் மார்கழி, தை மாத இரவுகளில் அது வெப்பத்தை ஈடுகட்ட மிகுதியாகத் தின்னும், முட்டையோ குறையும். ஆகவே, இது வெறும் தோற்றக் குறைபாடு அன்று; செலவை ஏற்றி வரவைக் குறைக்கும் இழப்பு.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, குருதி கசியும் கோழியை உடனே பிரித்துவிட வேண்டும். செந்நிறம் பிற கோழிகளை ஈர்க்கும். சிறு காயம் சில மணி நேரத்தில் உயிரிழப்பில் முடியலாம். காயத்தில் வேப்பெண்ணெயும் மஞ்சள் தூளும் குழைத்துப் பூசலாம். புண் ஆழமாயின் கால்நடை மருத்துவரை நாடுவதே முறை.

இரண்டாவதாக, தரையை மாற்ற வேண்டும். சிமென்டுத் தரையின்மேல் உமி, வைக்கோல், உலர்ந்த இலை ஆகியவற்றை நான்கு விரற்கடை உயரம் பரப்பித் தானியத்தைத் தொட்டியில் இடாமல் அதன்மேல் தூவினால், கோழி அதைத் தேடிக் கிளறியே பொழுதைக் கழிக்கும். அகத்தி, முருங்கைக் கொத்துகளைத் தலைக்கு எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிடுவதும் பயன் தரும். ஒரு மூலையில் மணலும் சாம்பலும் கலந்து மண் குளியலுக்கு வைத்தால் பேன் தொல்லையும் குறையும்.

மூன்றாவதாக, நெருக்கடியைத் தவிர்க்க வேண்டும். பகலில் உலவக் கோழி ஒன்றுக்கு 8 முதல் 10 சதுர அடி இடம் தேவை. முட்டையிடும் இடம் மறைவாகவும் மங்கிய ஒளியுடனும் இருப்பின், முட்டையிட்டவுடன் ஆசனவாயைக் கொத்தும் கொடுமை குறையும். புதிய கோழிகளைத் திடீரெனக் கூட்டத்தில் விடாது, சில நாட்கள் வலைக்கு அப்பால் வைத்துப் பழக்குதல் வேண்டும்.

அலகு வெட்டுதல் தீர்வாகுமா?

பெரும்பண்ணைகளில் அலகின் நுனியை வெட்டுவது வழக்கம். ஆனால் அலகில் நரம்புகள் நிறைந்துள்ளன. வெட்டு வலி தருவது. நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகள் இதைத் தடை செய்துள்ளன. புழுவையும் புல்லையும் தானே தேடித் தின்ன வேண்டிய புறக்கடைக் கோழிக்கு அலகே கருவி. அதை வெட்டுவது காரணத்தை விட்டுவிட்டு அடையாளத்தை மறைப்பதாகும்.

விரிவாக்கப் பணியின் கடமை

இத்துறையில் பெங்களூருக்குச் சிறப்பான இடமுண்டு. ஹெசரகட்டாவில் மத்திய கோழி வளர்ப்பு மேம்பாட்டு அமைப்பின் தென்மண்டல நிலையம் இயங்குகிறது. ஹெப்பாளிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் உருவான கிரிராஜா, சுவர்ணதாரா ஆகிய கோழிகள் புறக்கடை வளர்ப்புக்கென்றே வகுக்கப்பட்டவை. நல்ல இனக் குஞ்சுகளுக்குக் குறைவில்லை. எனினும், எத்தனை குஞ்சுகள் வழங்கப்பட்டன என்னும் கணக்கோடு விரிவாக்கப் பணி நின்றுவிடலாகாது. பயனாளியின் வீட்டில் எத்தனை சதுர அடி மண் உள்ளது, நாள்தோறும் இடப்படும் தீவனம் யாது என்பதையும் கேட்டறிந்து, இடத்துக்கேற்ற எண்ணிக்கையிலேயே குஞ்சுகளை அளித்தல் வேண்டும். பத்துக் கோழிக்கு இடமுள்ள வீட்டில் இருபது கோழிகளை விடுவதால் முட்டை இரட்டிப்பதில்லை. கிளற மண்ணும் நிறைவான உணவும் பெற்ற பத்துக் கோழிகளே அக்குடும்பத்துக்கு நிலையான வருவாயைத் தரும்.