பூண்டி வரைக்கும் போறீங்களா? இன்னும் கொஞ்சம் தள்ளி 15 லட்சம் வருஷம் இருக்கு!

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. ஆவடியைத் தாண்டி செங்குன்றம் பக்கம் இருக்கும் வெள்ளானூரில் ஏதோ ஒரு வீடு. பிள்ளைகள் ரெடி. அம்மா புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிவிட்டார். அப்பா வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லா வாரமும் கேட்கும் அதே கேள்வியைக் கேட்கிறார். ``சரி, எங்க போறது?''

மெரினா என்றால் வெயில். மகாபலிபுரம் என்றால் பாதி நாள் டிராஃபிக்கிலேயே போய்விடும். வண்டலூருக்குப் போன லீவில்தான் போனார்கள். கடைசியில் ஏதாவது ஒரு மாலில் ஏசி காற்று வாங்கிவிட்டு, பாப்கார்னுக்கு நானூறு ரூபாய் கொடுத்துவிட்டு வீடு திரும்புவார்கள். கட்டிய புளிசாதம் ராத்திரி சாப்பாடாகிவிடும்.

இந்த வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் பூண்டி ஏரி இருக்கிறது. அது எல்லோருக்கும் தெரியும். பூண்டியிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி, உலகத்தின் ஆராய்ச்சியாளர்கள் எல்லாம் பெயர் சொல்லிப் பேசும் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று அத்திரம்பாக்கம், இன்னொன்று குடியம் குகை. அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனை பேர் அங்கே போயிருப்பார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் `அது எங்க இருக்கு?' என்பதுதான் பதிலாக வரும்.

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் ஸ்டெர்க்ஃபோன்டைன் குகைகள் இருக்கின்றன. ஆதி மனித இனங்களின் எலும்புகள் கிடைத்த அந்த வட்டாரத்துக்கு `மனித குலத்தின் தொட்டில்' என்று பெயர். 1999-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். அதே நாட்டின் வடக்குப் பக்கம், பெரிய சுற்றுலாப் பாதைகளிலிருந்து விலகி, வொண்டர்வெர்க் என்றொரு குகை. மலைக்குள் 140 மீட்டர் நீளத்துக்குப் போகும். 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு மனித மூதாதையர் நெருப்பைப் பயன்படுத்திய சாம்பல் அதற்குள் இருப்பதாக 2012-ல் அறிவித்தார்கள். கூட்டம் இல்லாத இயற்கை இடங்களைத் தேடும் பயணிகள் விமானம் ஏறி அங்கே போகிறார்கள். நமக்கு ஆவடியில் ரயில் ஏறினால் போதும்.

பல்லாவரத்தில் கிடைத்த ஒரு கல்

ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற ஆங்கிலேயர் 1858-ல் சென்னைக்கு வந்தார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை. 1863, மே 30-ம் தேதி பல்லாவரத்தில் ராணுவ அணிவகுப்பு மைதானத்துப் பக்கம், சரளைக்காகத் தோண்டிய ஒரு குழியில் ஒரு கல்லைப் பார்த்தார். சாதாரணக் கல் இல்லை, யாரோ கையால் தட்டித் தட்டிச் செதுக்கிய கல் என்று அவருக்குப் பட்டது. இந்தியாவில் பழைய கற்காலக் கருவி என்று அடையாளம் காணப்பட்ட முதல் கல் அதுதான்.

அதோடு அவர் விடவில்லை. அதே வருஷம் செப்டம்பர் 28-ம் தேதி, வில்லியம் கிங் என்ற சக ஆய்வாளருடன் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் இருக்கும் அத்திரம்பாக்கத்துக்குப் போனார். அங்கே ஒரு கல் இரண்டு கல் இல்லை, ஓடைக்கரை முழுக்கக் கற்கருவிகள்! கைக்கோடரிகளும் வெட்டுக்கருவிகளும் மழையில் கரைந்த மண்ணிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவை எவ்வளவு பழையவை? ஃபுட்டால் அதைச் சொல்ல முடியவில்லை. 1912-ல் அவர் இறக்கும் வரையிலும் அந்தக் கேள்விக்கு விடை இல்லை. விடை கிடைக்க 148 வருஷம் ஆனது.

1999-ல் தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்பு தலைமையில் சர்மா பாரம்பரியக் கல்வி மையம் அத்திரம்பாக்கத்தில் மறுபடி தோண்டத் தொடங்கியது. சுமார் ஒன்பது மீட்டர் ஆழம் வரை, அடுக்கடுக்காகப் பொறுமையாகத் தோண்டினார்கள். அடியில் ஒரு களிமண் அடுக்கு வந்தது. ஆவடிக்காரர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படிக்கலாம். நிலவியலில் `ஆவடி' என்ற பெயரிலேயே ஒரு பாறை அடுக்கு உண்டு. டைனோசர் காலத்துக் களிப்பாறை அது. அத்திரம்பாக்கத்தின் அடிக் களிமண்ணும் அந்த ஆவடிப் பாறைதான் என்று முன்பு நினைத்திருந்தார்கள். டைனோசர் காலத்து மண்ணுக்குள் மனிதன் செய்த கருவி இருக்க வாய்ப்பே இல்லை அல்லவா? ஆனால், இந்தக் களிமண்ணுக்குள் கருவிகள் இருந்தன. அப்புறம்தான் அது ஆற்று வெள்ளம் கொண்டுவந்து சேர்த்த, பிற்காலக் களிமண் என்பது தெரிந்தது.

அந்தக் களிமண்ணில் விலங்குகளின் குளம்புத் தடங்களும் பதிந்திருந்தன. எருமை, குதிரை, நீலான் வகை விலங்குகளின் பல் புதைபடிவங்களும் கிடைத்தன. முட்புதராகக் கிடக்கும் இந்த இடம் ஒரு காலத்தில் புல்லும் நீரும் நிறைந்த வெளியாக இருந்திருக்கிறது.

2011-ல் `சயின்ஸ்' இதழில் முடிவு வெளியானது. கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள். குறைந்தபட்சமாகக் கணக்கிட்டாலும் 10 லட்சத்துக்கு மேல். நம் மனித இனமான ஹோமோ சேப்பியன்ஸுக்கே வயது மூன்று லட்சம் ஆண்டுகள்தான் என்கிறார்கள். ஆக, இந்தக் கற்களைச் செதுக்கியவர்கள் நமக்கும் முந்தைய வேறொரு மனித இனம். அவர்களின் எலும்பு ஒன்றுகூட இங்கே கிடைக்கவில்லை. ஆப்பிரிக்காவில் தோன்றிய இந்தக் கைக்கோடரி செய்யும் முறை, அதுவரை நினைத்திருந்ததைவிட வெகு காலம் முன்பே தென்னிந்தியா வரை வந்துவிட்டது என்பதை உலகம் ஒப்புக்கொண்டது திருவள்ளூர் மாவட்டத்துக் கற்களைப் பார்த்துத்தான். 2018-ல் `நேச்சர்' இதழில் அடுத்த அறிவிப்பு. மேலடுக்குகளில், கையடக்கமான சிறு கருவிகள் செய்யும் புது நுட்பம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வந்துவிட்டதாம்.

ஒரு கல்லை மட்டும் எடுத்துக்கலாமா?

இங்கே போகும் எந்தப் பிள்ளையும் கேட்கும் கேள்வி இது. பெரியவர்களுக்கும் ஆசை இருக்கும். ஆயிரக்கணக்கில் கிடக்கிறதே, ஒன்றை எடுத்து டிவி ஷெல்ஃபில் வைத்தால் என்ன?

அந்த 15 லட்சம் என்ற கணக்கை எப்படிப் போட்டார்கள் என்று தெரிந்தால் கை தானாகப் பின்வாங்கும். வெட்டவெளியில் கிடக்கும் கல்லின் மீது விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் விழுந்துகொண்டே இருக்கும். அதனால் கல்லுக்குள் அலுமினியம், பெரிலியம் ஆகியவற்றின் சில அரிய வகை அணுக்கள் உருவாகும். கல் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்துவிட்டால் கதிர் படாது. உள்ளே இருக்கும் அணுக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் குறையத் தொடங்கும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்தால், கல் புதைந்து எத்தனை காலம் ஆனது என்று சொல்லிவிடலாம். பூமியின் காந்தத் திசை பழங்காலத்தில் தலைகீழாக மாறிய தடயமும் அதே மண் அடுக்கில் பதிந்திருந்தது. இரண்டும் ஒத்துப்போயின.

கவனியுங்கள், கல்லும் அது கிடந்த மண் அடுக்கும் சேர்ந்து இருந்ததால்தான் வயது தெரிந்தது. ஃபுட் கையில் இருந்ததும் இதே மாதிரிக் கல்தான். ஆனால், இடம் பெயர்ந்து மேலே கிடந்த கல். அதனால்தான் 148 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. டிவி ஷெல்ஃபுக்கு வந்த கல் அதோடு ஊமையாகிவிடும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்திலிருந்து எதை எடுப்பதும் சட்டப்படி குற்றம் என்பது தனி. போட்டோ எடுங்கள், தொடாமல் வந்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அத்திரம்பாக்கத்துக்குப் போய் இறங்கினால் முதல் ஐந்து நிமிஷம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஓடை, முட்செடி, சிவந்த மண், கூழாங்கல். அவ்வளவுதான். ஆய்வுக்குழிகளையும் மூடிவிடுவார்கள். அதனால், முதலில் பூண்டியில் இருக்கும் மாநிலத் தொல்லியல் துறையின் தொல்பழங்கால அருங்காட்சியகத்துக்குப் போய்விடுவது புத்திசாலித்தனம். கைக்கோடரி எப்படி இருக்கும், வெட்டுக்கருவி எப்படி இருக்கும் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துப் பழகிவிட்டு ஓடைக்கரைக்குப் போனால், அதே மண் வேறு மாதிரித் தெரியும்.

தேனீக்கள் காவல் காக்கும் குகை

குடியம் அப்படி இல்லை. பார்த்தவுடன் அசர வைக்கும் இடம்.

அத்திரம்பாக்கத்துக்கு வடமேற்கே அல்லிக்குழி மலைத்தொடர். மலை என்றால் ஏலகிரி, ஏற்காடு மாதிரி கற்பனை செய்ய வேண்டாம். முட்காடு மூடிய தாழ்வான குன்றுகள்தான். குடியம் கிராமத்தில் வண்டியை விட்டுவிட்டுக் காட்டுக்குள் நடக்க வேண்டும். பெரிய ஏற்றம் இல்லை. ஆனால், காலுக்கடியில் கூழாங்கற்கள் உருண்டுகொண்டே இருக்கும். செருப்பு போட்டுக்கொண்டு போனால் கணுக்கால் சுளுக்கும், ஷூ கட்டாயம்.

மரங்கள் விலகியதும் எதிரே பாறை, அரைவட்டமாகக் குடைந்துவிட்ட மாதிரி நிற்கும். குகை என்று சொன்னாலும் இருட்டுச் சுரங்கம் கிடையாது. மேலே கூரை மாதிரிப் பாறை நீட்டிக்கொண்டிருக்க, முன்பக்கம் திறந்த பெரிய திண்ணை என்று வைத்துக்கொள்ளலாம். கிட்டே போய்ப் பாறையைப் பார்த்தால் இன்னொரு ஆச்சர்யம். அது ஒரே கல் இல்லை. முட்டை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை ஆயிரமாயிரம் கூழாங்கற்கள், சிமென்ட் போட்டுப் பதித்தது போல ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஆறுகள் உருட்டிவந்த கற்கள், காலப்போக்கில் இறுகிப் பாறையானவை. அந்தப் பாறை உதிர உதிர விழும் கற்கள்தான் ஆதி மனிதர்களுக்குக் கருவி செய்யும் மூலப்பொருள். அவர்கள் ஏன் இந்த வட்டாரத்தை விட்டுப் போகாமல் சுற்றிச்சுற்றி வந்தார்கள் என்பது அங்கே நின்றால் புரிந்துவிடும். கைக்கெட்டும் தூரத்தில் உறுதியான கல், இறங்கினால் ஆறு, மழைக்கு ஒதுங்கக் கூரை!

1962 முதல் 1964 வரை இந்தியத் தொல்லியல் துறை இங்கே அகழாய்வு செய்தது. கற்கருவிகள் கிடைத்தன. மனித எலும்பு கிடைக்கவில்லை.

குகைக் கூரையில் கறுப்புத் திரை மாதிரித் தொங்குபவை மலைத்தேனீக் கூடுகள். இந்த இடத்தின் நிஜமான ஆபத்து இதுதான். சத்தம், புகை, சென்ட் வாசனை மூன்றும் அவற்றுக்கு ஆகாது. எதிரொலி கேட்க வேண்டும் என்று `ஹோய்' போடுவது, கல்லெறிவது, சிகரெட் பற்ற வைப்பது எல்லாம் கூட வந்தவர்களின் உயிரோடு விளையாடுவது. ஓடி ஒளிய அங்கே கடை இல்லை, கட்டடம் இல்லை. ஆஸ்பத்திரி என்றால் திருவள்ளூர் வரை வர வேண்டும்.

எப்படிப் போவது?

குடியம் இருப்பது காப்புக்காடு. `கூகுள் மேப் இருக்கு, நாமளே போயிடலாம்' என்று கிளம்ப வேண்டாம். 2018-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்த காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிகளைக் கடுமையாக்கியது. 2024 அக்டோபரில் `ட்ரெக் தமிழ்நாடு' என்ற ஆன்லைன் பதிவுத் திட்டம் வந்தது. அதில் அறிவித்த 40 பாதைகளில் குடியம் குகையும் ஒன்று, திருவள்ளூர் மாவட்டத்துக்கு இருக்கும் ஒரே பாதையும் அதுதான். பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டியாக வருவார்கள். கட்டணம், வயது வரம்பு, எந்த நாளில் அனுமதி என்பதையெல்லாம் அந்தத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். காட்டுத்தீ அபாயம் உள்ள மாதங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள் என்பதால் பதிவு செய்யாமல் கிளம்பக் கூடாது. பணம் கொடுத்துக் காட்டுக்குள் போவதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. தேன்கூட்டுக்கு அடியில் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பதற்கு அந்தப் பணம் தகும்.

வெள்ளானூரிலிருந்து கிளம்புபவர்கள் ஆவடி, திருநின்றவூர் வழியாகத் திருவள்ளூர் போய், அங்கிருந்து பூண்டிக்குத் திரும்பலாம். வண்டி இல்லாதவர்களுக்கு ஆவடியிலிருந்து திருவள்ளூருக்குப் புறநகர் ரயில், அங்கிருந்து பூண்டிக்குப் பஸ். ஆனால், பூண்டிக்கு அப்பால் பஸ்ஸை நம்பித் திட்டம் போட்டால் நேரம் ஓடிவிடும். அதற்குச் சொந்த வண்டியோ வாடகை வண்டியோதான் வசதி.

டிசம்பர் முதல் ஜனவரி வரை சரியான நேரம். வெயில் சுடாது, பூண்டி ஏரியிலும் தண்ணீர் இருக்கும். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை என்று பறவைகளும் வந்திருக்கும். 1944-ல் கட்டி முடித்த இந்த நீர்த்தேக்கத்துக்கு, சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன திருவெண்பாக்கம் சிவன் கோயிலை மேட்டுக்கு மாற்றிக் கட்டினார்கள். பார்வை இழந்த சுந்தரருக்கு இறைவன் ஊன்றுகோல் கொடுத்ததாகச் சொல்லப்படும் தலம் என்பதால் ஊன்றீஸ்வரர் என்று பெயர். தாத்தா, பாட்டியை அழைத்துப் போனால், குகைக்குப் போகிறவர்கள் திரும்பி வரும் வரை அவர்கள் கோயிலிலும் ஏரிக்கரையிலும் இருக்கலாம்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, முழுக்கை சட்டை. குடியம் ஊரைத் தாண்டினால் எதுவும் வாங்க முடியாது. புளிசாதத்தைப் பிளாஸ்டிக் கவரில் கட்டாமல் டிபன் பாக்ஸில் போட்டு, பூண்டிக்குத் திரும்பி வந்து ஏரிக்கரை மர நிழலில் பிரிக்கலாம். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால், மதியச் சாப்பாட்டுக்கு அங்கே வந்துவிடலாம்.