ஃபில்டர் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள்!

"டாக்டர், நாங்க ஃபில்டர் தண்ணியைத்தான் குடிக்கிறோம். அப்புறம் எப்படிப் பிள்ளைக்கு வயித்தால போகுது?"

என்னிடம் வரும் தாய்மார்கள் பலர் கேட்கும் கேள்வி இது. "ஃபில்டரைக் கடைசியா எப்பம்மா கழுவினீங்க?" என்று திருப்பிக் கேட்பேன். பதிலுக்கு ஒரு சிரிப்புதான் வரும்.

இப்போதெல்லாம் நான் அதிகம் கண்டிப்பதில்லை. காரணம், என் வீட்டுக் கதை.

போன கோடை விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தான். மூன்று வயசு. வந்த நாலாம் நாள் பேதி. ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். பிழைத்துக்கொண்டான்; ஆனால் அந்த இரண்டு ராத்திரிகள் வீட்டில் யாரும் தூங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் சமையலறையில் இருந்த எவர்சில்வர் ஃபில்டரைத் திறந்து பார்த்தேன். கேண்டில் பழுப்பேறி, தொட்டால் வழவழவென்று வழுக்கியது. அடியில் உள்ள நட் லூசாக ஆடியது. "காய்ச்சின தண்ணியைத்தானே அதுல ஊத்துறேன்?" என்றாள் என் மனைவி. பேதிக்கு அந்த ஃபில்டர்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற வைத்தியன் வீட்டுத் தண்ணீர் அந்த லட்சணத்தில் இருந்தது!

அழுக்கு எங்கே போகிறது?

கேண்டில் என்பது சுட்ட களிமண் போன்ற பொருள். அதன் நுண்ணிய துளைகள் வழியே தண்ணீர் கசியும். மண்ணும் தூசியும் கிருமிகளில் ஒரு பகுதியும் வெளியே நின்றுவிடும். நம் சிறுநீரகம் கழிவைப் பிரித்து வெளியே தள்ளிவிடுகிறது. கேண்டிலுக்கு அந்த வசதி கிடையாது. பிரித்த அழுக்கைத் தன் மேலேயே சுமந்துகொண்டு நிற்கும். நாம் எடுத்துக் கழுவாவிட்டால் அந்த ஈரப் படலத்திலேயே கிருமிகள் குடித்தனம் நடத்தும்.

காய்ச்சி வடிகட்டாதீர்கள்!

நம் வீட்டுப் பெண்மணிகள் பலர் செய்யும் தவறு இது. தண்ணீரைக் காய்ச்சிக் கிருமியைக் கொன்றுவிட்டு, பிறகு கழுவாத கேண்டிலில் ஊற்றினால் என்ன ஆகும்? சுத்தமான நீர் மறுபடி அழுக்காகிறது. செலவழித்த கேஸும் வீண்.

முதலில் வடிகட்டுங்கள். பிறகு தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க விடுங்கள். ஆறியதும் மூடிய பாத்திரத்தில் வையுங்கள். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் வைரஸ் கிருமிகள் சாதாரண கேண்டிலில் நிற்காது. அவற்றுக்குக் கொதிநீர்தான் மருந்து.

எப்படிக் கழுவுவது?

1. வாரம் ஒருமுறை, அல்லது தண்ணீர் சொட்டுவது குறைந்ததும் கேண்டிலைக் கழற்றுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே தொடவும்.

2. மிருதுவான பிரஷ்ஷால் ஓடும் நீரில் தேயுங்கள். கேண்டிலுக்குச் சோப்பு, பவுடர், கம்பி நார் கூடவே கூடாது. கடைசியாக, காய்ச்சி ஆறிய நீரில் அலசுங்கள்.

3. மயிரிழை விரிசல் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். மெதுவாகச் சொட்டிய தண்ணீர் திடீரென்று வேகமாக இறங்கினால், "அடடா, நல்லா வேலை செய்யுதே!" என்று சந்தோஷப்படாதீர்கள். விரிசலோ, நட் தளர்ந்ததோ காரணமாக இருக்கலாம்.

4. ரப்பர் வாஷர் இற்றுப்போயிருந்தால் மாற்றுங்கள். அந்த இடுக்கு வழியாக வடியாத தண்ணீர் அப்படியே கீழே இறங்கிவிடும்.

5. கீழ்ப் பாத்திரத்தையும் குழாயின் உட்புறத்தையும் மறக்காதீர்கள். இவற்றைச் சோப்பால் தேய்த்து, நன்றாக அலசி, வெந்நீர் ஊற்றிக் கழுவலாம்.

6. மறுபடி பொருத்தியதும் முதலில் வடியும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.

ஆர்.ஓ. மெஷின் வைத்திருப்பவர்களுக்கு

மெஷின் என்றாலும் கதை அதேதான். முன்னால் உள்ள வடிகட்டி, கார்பன், மெம்ப்ரேன் மூன்றுக்கும் ஆயுள் உண்டு. மாற்றிய தேதியை ஒரு சீட்டில் எழுதி மெஷின் மேலேயே ஒட்டி வையுங்கள். ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால், டேங்கில் தேங்கிய நீரை வெளியேற்றிவிட்டுப் புதிதாகப் பிடியுங்கள்.

தேற்றான்கொட்டை போதாதா?

"பாட்டி காலத்துல தேற்றான்கொட்டைதானே டாக்டர்?" என்று சிலர் கேட்பதுண்டு. சித்த மருத்துவம் போற்றும் நல்ல பொருள்தான் அது. பானையின் உட்புறம் இழைத்துவிட்டால் கலங்கிய நீரின் மண் அடியில் படிந்து, மேலே தெளியும். ஆனால் தெளிந்த நீரெல்லாம் கிருமி இல்லாத நீர் ஆகிவிடாது. தெளியவைத்தாலும் காய்ச்சத்தான் வேண்டும்.

என் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை ஃபில்டர் கழுவுவது என் வேலை. காபிகூட அதற்கு அப்புறம்தான். நீங்களும் இந்த இதழை மூடியதும் எழுந்து போய், உங்கள் ஃபில்டரின் மூடியை ஒருமுறை திறந்து பாருங்களேன்!