குழந்தையின் கண்ணில் வெண்ணிற ஒளி: புற்றுநோயா, வேறு நோயா?

கைப்பேசியில் எடுத்த படத்தில் குழந்தையின் ஒரு கண் சிவப்பாகவும் மற்றொரு கண் வெள்ளையாகவும் தெரிவதைச் சில பெற்றோர் தற்செயலாகக் காண்கின்றனர். மங்கலான வெளிச்சத்தில் குழந்தையின் கண் பூனைக்கண் போல் மின்னுவதை வேறு சிலர் கவனிக்கின்றனர். 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று வீட்டுப் பெரியோர் கூறுவதும் உண்டு.

கண்ணின் நடுவில் உள்ள கரிய வட்டமாகிய பாவை வெண்மையாகத் தெரிவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் மிகவும் ஆபத்தானது ரெட்டினோபிளாஸ்டோமா எனப்படும் விழித்திரைப் புற்றுநோய். ஏனையவை புற்றுநோய் அல்ல. ஆயினும் அவற்றுள் பல பார்வையைப் பறிக்கக் கூடியவை. எது என்பதை வீட்டில் இருந்தபடி கண்டறிய இயலாது. எனவே, காரணம் எதுவாயினும் உடனடிப் பரிசோதனை தேவை.

ரெட்டினோபிளாஸ்டோமா என்பது என்ன?

கண்ணின் உட்புறத்தில் ஒளியை உணரும் மெல்லிய படலமே விழித்திரை. அங்குள்ள முதிர்ச்சி அடையாத செல்களில் தோன்றும் புற்றுநோய் இது. ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு ஏற்படுகிறது. பெரும்பாலும் 5 வயதுக்குள் வெளிப்படுகிறது. இரு கண்களிலும் வரும்போது பொதுவாக 1 வயதை ஒட்டியும், ஒரு கண்ணில் மட்டும் வரும்போது 2 வயதை ஒட்டியும் கண்டறியப்படுகிறது.

இதன் முக்கிய அறிகுறிகள்:

- பாவையில் வெண்ணிற ஒளி
- புதிதாகத் தோன்றிய மாறுகண்
- பார்வைக் குறைவு
- மருந்திட்டும் தீராத கண் சிவப்பு, வலி அல்லது வீக்கம்
- ஒரு கண் பெரிதாகத் தெரிதல். நோய் முற்றிய நிலையில் கண் வெளியே துருத்துதல்

தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருப்பதில்லை. குழந்தை வழக்கம்போல் உண்ணும், விளையாடும். இதனால்தான் பல குடும்பங்கள் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று காலம் தாழ்த்த நேர்கிறது.

இந்நோயைப் போல் தோன்றும் பிற நிலைகள்

பிறவிக் கண்புரை: கண்ணின் லென்ஸே வெண்மையாக மாறியிருக்கும். மரபுக் காரணங்களாலும், கருவுற்றிருக்கும்போது தாய்க்கு ஏற்படும் ரூபெல்லா போன்ற தொற்றுகளாலும் வரலாம். ரெட்டினோபிளாஸ்டோமாவில் லென்ஸ் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். வெண்மை அதற்குப் பின்னால் இருந்து தெரியும். கண்புரையையும் தள்ளிப்போடக் கூடாது. பார்வையை முழுமையாக மறைக்கும் புரைக்குப் பிறந்த சில வாரங்களிலேயே அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

கோட்ஸ் நோய்: விழித்திரையின் இரத்தக் குழாய்கள் இயல்புக்கு மாறாக விரிந்து, கொழுப்பு நிறைந்த நீரைக் கசியவிடும் நோய். பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு, ஒரு கண்ணில் மட்டும் வருகிறது. ரெட்டினோபிளாஸ்டோமாவை விடச் சற்றுக் கூடுதலான வயதில் தெரியவருகிறது. ஒளி தூய வெண்மையாக அன்றி மஞ்சள் கலந்து தெரியலாம்.

கருவில் மறையாத இரத்தக் குழாய்கள்: கரு வளரும்போது கண்ணுக்குள் இருக்கும் சில இரத்தக் குழாய்கள் பிறப்பதற்கு முன் மறைந்துவிட வேண்டும். அவை மறையாமல் தங்கிவிட்டால் பாவை வெண்மையாகத் தெரியும். பாதிக்கப்பட்ட கண் பெரும்பாலும் மற்றக் கண்ணை விடச் சிறியதாக இருக்கும். ரெட்டினோபிளாஸ்டோமா உள்ள கண் பொதுவாக இயல்பான அளவில் இருக்கும் என்பதால் இவ்வேறுபாடு மருத்துவருக்கு உதவுகிறது.

குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய்: குறைமாதத்தில் குறைந்த எடையுடன் பிறந்து, ஆக்சிஜன் சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்கு வரலாம். பொதுவாக இரு கண்களையும் பாதிக்கும். 34 வாரங்களுக்கு முன் பிறந்த அல்லது 2,000 கிராமுக்குக் குறைவான எடையுள்ள குழந்தைகளுக்குப் பிறந்த 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்வது கட்டாயம்.

டாக்சோகாரா தொற்று: நாய்க்குட்டிகளின் குடலில் வாழும் உருண்டைப் புழுவின் முட்டைகள் மண் வழியாகக் குழந்தையின் வாய்க்குள் சென்று, புழுவின் இளம் நிலை கண்ணை அடைவதால் வருவது. மண் தின்னும் பழக்கம், நாய்க்குட்டிகளுடன் நெருக்கம் ஆகியவை பற்றி மருத்துவர் கேட்பது இதற்காகவே.

படத்தில் மட்டும் தோன்றும் வெண்மை: குழந்தை சற்றுப் பக்கவாட்டில் பார்க்கும்போது, கேமராவின் ஒளி பார்வை நரம்பு தொடங்கும் இடத்தில் பட்டுத் திரும்பினால் நலமான கண்ணும் வெண்மையாகத் தெரியலாம். ஆனால் 'அதுவாகத்தான் இருக்கும்' என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

ஒன்றை மற்றொன்றாகக் கருதினால் நேரும் தீங்கு

தவறு இரு பக்கமும் நேரலாம். புற்றுநோயை வெறும் கண்புரை என்றோ கிருமித்தொற்று என்றோ கருதிக் கண்ணைத் திறந்து அறுவை சிகிச்சை செய்தால், புற்றுச் செல்கள் கண்ணுக்கு வெளியே பரவக்கூடும். கோட்ஸ் நோயைப் புற்றுநோய் எனக் கருதினால், காப்பாற்றியிருக்கக் கூடிய கண்ணை அகற்ற நேரலாம்.

மற்ற உறுப்புகளில் செய்வதுபோல் சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதிப்பது இந்நோயில் வழக்கம் இல்லை. ஊசி சென்ற வழியே நோய் பரவும் ஆபத்து இருப்பதே காரணம். ஆகவே கண்ணை நேரில் ஆராய்வதும் ஸ்கேன்களுமே முடிவைத் தருகின்றன.

மருத்துவர் எவ்வாறு கண்டறிகிறார்?

முதலில் சொட்டு மருந்திட்டுப் பாவையை விரியச் செய்து விழித்திரை பார்க்கப்படும். சிறு குழந்தை அசையாமல் இருக்க இயலாது. எனவே மயக்க மருந்து கொடுத்து இரு கண்களையும் முழுமையாக ஆராய்வது அவசியமாகிறது. 'ஒரு கண்ணில்தானே பிரச்சினை' என்று தோன்றினாலும் மற்றக் கண்ணையும் பார்த்தே ஆக வேண்டும்.

கண்ணின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கட்டியும் அதற்குள் கால்சியம் படிவுகளும் தெரிந்தால் ரெட்டினோபிளாஸ்டோமாவுக்கான வாய்ப்பு வலுக்கிறது. பார்வை நரம்பு, மூளை ஆகியவற்றில் பரவல் உள்ளதா என அறிய எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப்படுகிறது. மரபுவழி நோயுள்ள குழந்தைகளுக்குக் கதிர்வீச்சு பிற்காலத்தில் வேறு புற்றுநோய்களுக்கு வழிவகுக்கலாம் என்பதால், சி.டி. ஸ்கேன் இயன்றவரை தவிர்க்கப்படுகிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

- வெண்ணிற ஒளியையோ புதிய மாறுகண்ணையோ கண்டால், சில நாட்களுக்குள் கண் மருத்துவரிடம் குழந்தையைக் காட்டுங்கள். 'மாறுகண் அதிர்ஷ்டம்', 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று காத்திருக்காதீர்கள்.
- வெண்மை தெரிந்த படத்தை அழிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். படத்தில் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்றும் ஆகாது.
- பிறந்த வாரம், எடை, தாய்க்கு இருந்த காய்ச்சல், குடும்பத்தில் எவருக்கேனும் சிறு வயதில் கண் அகற்றப்பட்டதா என்பவற்றைக் கூறுங்கள்.
- தாய்ப்பால், இலைச்சாறு, எண்ணெய் போன்றவற்றைக் கண்ணில் விடாதீர்கள். கடையில் நீங்களாகச் சொட்டு மருந்து வாங்கிப் போடாதீர்கள்.
- அடிபட்ட பின் வெண்மை தெரிந்தாலும் அடியே காரணம் என முடிவு செய்யாதீர்கள்.
- தமிழ்நாட்டில் எங்கு செல்வது எனத் தெரியாவிட்டால் 104 மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள்.

குடும்பத்தில் பிறர்க்கும் பரிசோதனை தேவையா?

இந்நோய் ஆர்.பி.1 என்னும் மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால் உண்டாகிறது. நோயுற்ற குழந்தைகளில் ஏறத்தாழ 100-இல் 40 பேருக்கு அம்மாற்றம் அடுத்த தலைமுறைக்கும் செல்லக் கூடியது. எனவே உடன்பிறந்த சிறு குழந்தைகளின் கண்களையும் பரிசோதிக்க வேண்டும். பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்திருந்தால், குழந்தையைப் பிறந்த உடனேயே காட்ட வேண்டும். பல குழந்தைகளில் இம்மாற்றம் புதிதாகவே தோன்றுகிறது. தாயின் உணவோ கிரகணமோ கண்ணேறோ இதற்குக் காரணம் அல்ல; எவரையும் குறை கூற வேண்டியதில்லை.

நம்பிக்கையோடு விரைந்து வாருங்கள்

புற்றுநோய் கண்ணுக்குள் அடங்கியிருக்கும்போதே கண்டறியப்பட்டால், உரிய சிகிச்சையால் பெரும்பாலான குழந்தைகள் குணமடைகின்றனர். மருந்து, லேசர், உறைய வைக்கும் சிகிச்சை ஆகியவற்றால் பல குழந்தைகளின் கண்ணையும் காக்க முடிகிறது. சில வேளைகளில் உயிரைக் காக்கக் கண்ணை அகற்றும்படி மருத்துவர் கூறலாம். அம்முடிவு பெற்றோருக்கு எவ்வளவு கடினமானது என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும் அதற்கு அஞ்சிச் சிகிச்சையைக் கைவிட்டால், நோய் பார்வை நரம்பின் வழியே மூளையை அடையக்கூடும். செயற்கைக் கண் பொருத்திய குழந்தைகள் மற்றவர்களைப் போலவே படித்து, விளையாடி வளர்கின்றனர்.

பரிசோதனையில் நோய் எதுவும் இல்லை எனத் தெரிந்தால் நிம்மதியோடு வீடு திரும்பலாம். வீண் பயம் கொண்டு வந்துவிட்டீர்கள் என்று எந்த மருத்துவரும் உங்களைக் குறை கூற மாட்டார்.