தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீரா?

பொழுது விடிந்ததும் தேத்தண்ணீர் வைக்கலாம் என்று குழாயைத் திறக்கிறீர்கள். அடுப்பில் ஏறும் முன்பே தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் வந்து விழுகிறது! "இவ்வளவு வெள்ளியைக் கொட்டி வாசலில் ஃபில்டர் மாட்டினோமே, இதற்குத்தானா?" என்று வீட்டுக்காரர் சலித்துக்கொள்கிறார். ஃபில்டர் விற்றவரைத் திட்டுகிறோம்; தண்ணீர் இலாகாவைத் திட்டுகிறோம்; கடைசியில் அந்தத் தண்ணீரையே வடிகட்டிக் குடிக்கிறோம்.

திட்டுவதற்கு முன் சற்றுப் பொறுங்கள், சகோதரிகளே. கோளாறு எங்கே இருக்கிறது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். அதற்கு எஞ்சினியர் படிப்பு வேண்டியதில்லை. ஒரு கண்ணாடிக் குவளையும் அரை மணி நேரமும் போதும்.

கலங்கல் எங்கிருந்து வருகிறது?

நம் கெடா மாநிலத்தில் வயலுக்கும் குழாய்க்கும் மழைதான் மூலம். பெடு, மூடா ஆகிய இரண்டு அணைகளையும் கட்டி, 1970-ஆம் ஆண்டில் மூடா பாசனத் திட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, அலோர் ஸ்டாரைச் சுற்றியுள்ள சமவெளியில் ஆண்டுக்கு இருபோகம் நெல் விளையத் தொடங்கியது. தெற்கே சுங்கை பட்டாணி, கூலிம் பக்கம் உள்ளவர்களுக்குச் சுங்கை மூடா பழக்கமான ஆறு. மலைக்காட்டில் பிறந்து, வழியெல்லாம் ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு, பினாங்கு எல்லையோரமாகக் கடலை அடைகிறது அது.

காடு அடர்ந்திருந்தால் மழைநீர் வேரிலும் சருகிலும் தங்கி மெல்ல இறங்கும். நிலம் வெறுமையானால் மண்ணை அள்ளிக்கொண்டு ஓடும். 2022-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் பாலிங் வட்டாரத்தில் குப்பாங் பகுதியைத் தாக்கிய வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மலையிலிருந்து மரங்களும் சேறும் புரண்டு வந்து மூன்று உயிர்களைப் பறித்தன. அத்தகைய சேற்று நீரைத்தான் சுத்திகரிப்பு நிலையங்கள் குடிநீராக்க வேண்டியிருக்கிறது. சேறு அளவுக்கு மீறினால் நிலையம் வேலையைக் குறைத்துக்கொள்ளும், அல்லது நிறுத்திவிடும். தண்ணீர் நின்று மறுபடி வரும் வேகத்தில், குழாய்களின் அடியில் பல நாளாகப் படிந்திருந்த மண்ணும் துருவும் கிளம்பி உங்கள் வீட்டுக்கு வந்து சேரும்.

மலேசியக் குடிநீர்த் தரத்தின்படி, கலங்கலை அளக்கும் கருவியில் 5 அலகுக்கு மேல் போகக்கூடாது. இரும்புச் சத்து லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கிருமியைக் கொல்லும் குளோரின் 0.2 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது. நம் வீட்டில் இதற்கெல்லாம் கருவி ஏது? ஆகவேதான் கண்ணாடிக் குவளை!

குவளை சொல்லும் கதை

ஃபில்டருக்கு முன்னால் உள்ள குழாயில் ஒரு குவளை, சமையலறைக் குழாயில் ஒரு குவளை என்று இரண்டு பிடியுங்கள். வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

பால் போல வெள்ளையாக இருந்து, ஓரிரு நிமிடத்தில் அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் அது காற்றுக் குமிழி. குழாய் ரிப்பேர் நடந்த பின் இப்படி வரும். பயப்பட வேண்டாம்.

பழுப்பாக வந்து அடியில் வண்டல் தங்கினால் மண் அல்லது துரு. பக்கத்து வீட்டிலும் அப்படியே வந்தால் கோளாறு தெருக் குழாயில். உங்கள் வீட்டில் மட்டும் என்றால், அதுவும் விடியற்காலையில் முதல் தண்ணீர் மட்டும் என்றால், உங்கள் பழைய இரும்புப் பைப்பையோ கூரைத் தொட்டியையோ சந்தேகியுங்கள்.

கிணற்றிலிருந்து இறைக்கும்போது பளிங்காக இருந்து, வைத்திருந்தால் செம்மை படர்ந்தால் அது கரைந்த இரும்பு. தேத்தண்ணீர் கறுத்துப்போகும்; பள்ளிக்கூடச் சட்டையில் மஞ்சள் கறை ஏறும். இரும்பு கரைந்திருக்கும்வரை மணல் அதைப் பிடிக்காது. முதலில் காற்றுப் பட வேண்டும். வாளிக்கு வாளி உயரத்திலிருந்து ஊற்றி ஆற்றி, சில மணி நேரம் வைத்த பிறகு வடிகட்டினால்தான் பலன்.

பச்சை தட்டினால், தொட்டிக்குள் வெயில் புகுந்து பாசி பிடித்திருக்கிறது. மூடி சரியில்லை என்று பொருள். மூடாத தொட்டி ஏடிஸ் கொசுவுக்கும் வாசல் திறந்து வைத்ததுதான்.

இரண்டு குவளையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபில்டரைத் தாண்டி வந்த தண்ணீர் முந்தையதைவிடக் கலங்கலாக இருந்தால், குற்றவாளி நம் வாசலிலேயே நிற்கிறான்!

ஃபில்டருக்கும் குளிப்பாட்டு உண்டு

வாசலில் நிற்கும் அந்தக் குண்டு உருளைக்குள் பெரிய மாயம் ஒன்றுமில்லை. அடியில் கூழாங்கல், மேலே மணல், சிலவற்றில் கரியும் சேர்ந்திருக்கும். தண்ணீர் மேலிருந்து கீழே இறங்கும்போது மண் மணலிடையே சிக்கிக்கொள்கிறது. சிக்கிய மண் எங்கே போகும்? நாம் வெளியேற்றினால் ஒழிய அங்கேயேதான் கிடக்கும். வாங்கிய நாள் முதல் கைப்பிடியைத் தொடாத வீடுகள் எத்தனை!

கைப்பிடியில் மூன்று நிலைகள் இருக்கும். 'ஃபில்டர்' நிலையில் தண்ணீர் வழக்கம்போல் வீட்டுக்குப் போகும். 'பேக்வாஷ்' நிலையில் தண்ணீர் கீழிருந்து மேலே பாய்ந்து, மணலைத் தூக்கிக் கலக்கி, மண்ணைச் சாக்கடைக்குத் தள்ளும். 'ரின்ஸ்' நிலையில் மணல் மறுபடி படிந்து, மிச்சக் கலங்கலும் வெளியே போகும்.

வாரம் ஒரு முறை இதைச் செய்யுங்கள். பெருமழைக்குப் பிறகும், தண்ணீர் நின்று வந்த பிறகும் கட்டாயம் செய்யுங்கள். வரும் குழாயை மூடிவிட்டுக் கைப்பிடியைத் திருப்புங்கள், பிறகு திறங்கள். வெளியேறும் தண்ணீர் தெளியும்வரை, ஐந்து முதல் பத்து நிமிடம், பேக்வாஷ் நடக்கட்டும். பிறகு ரின்ஸ், அதுவும் தெளியும்வரை. அதன் பிறகே ஃபில்டர் நிலை. அந்தத் தண்ணீரை வீணாக்காமல் வாழைக்கும் வெண்டைக்கும் பாய்ச்சுங்கள்.

பலர் செய்யும் தவறு, ரின்ஸ் நிலையைத் தாண்டிவிடுவது. கலங்கிய மணல் படியும் முன்பே ஃபில்டர் நிலைக்குத் திருப்பினால் அந்த அழுக்கு முழுவதும் சமையலறைக்கு வரும். "கழுவின பிறகுதான் ரொம்ப மோசம்" என்று சொல்வது இதனால்தான். இன்னொரு தவறு, தண்ணீர் மெல்ல வரும் நேரத்தில் பேக்வாஷ் செய்வது. வேகம் இல்லாவிட்டால் மணல் எழும்பாது, மண்ணும் போகாது. அக்கம்பக்கத்தார் குழாய் திறக்காத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

கழுவியும் தண்ணீர் மெல்லத்தான் வருகிறதா? மணல் மண்ணோடு சேர்ந்து உருண்டை கட்டியிருக்கும். மாற்றும் காலம் வந்துவிட்டது. குழாயில் மணலே வருகிறதா? உள்ளே அடிச்சல்லடை உடைந்திருக்கிறது. பழுது பார்ப்பவரை அழையுங்கள். தண்ணீர் நின்று மறுபடி வரும்போது, முதலில் ஃபில்டருக்கு முன்னால் உள்ள வெளிக்குழாயைத் திறந்து சேற்றைப் போகவிடுங்கள். ஃபில்டரின் ஆயுள் கூடும்.

சமையலறையில் வெள்ளைப் பீங்கான் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் மென்மையான பிரஷால் தண்ணீரில் தேய்த்தால் போதும், சோப்பு கூடாது. மயிரிழை விரிசல் கண்டாலும் தூக்கி எறியுங்கள். விரிசல் விட்ட ஃபில்டர் ஓட்டைச் சல்லடைதான்.

ஹம்பர்க் நகரம் கற்ற பாடம்

சரி, தண்ணீர் தெளிந்துவிட்டது. குடிக்கலாமா? இங்கேதான் நம்மில் பலர் ஏமாறுகிறோம்.

1892-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் வாந்திபேதி பரவியது. சில வாரங்களில் 8,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதை ஒட்டினாற்போல் இருந்த அல்டோனா நகரிலோ பாதிப்பு மிகக் குறைவு. இரண்டு ஊரும் எல்பே என்ற ஒரே ஆற்றைத்தான் குடித்தன. ஹம்பர்க்கின் கழிவெல்லாம் கலந்த பிறகு கீழே வரும் தண்ணீரைத்தான் அல்டோனா எடுத்தது! ஆனால் அல்டோனா அதை மணற்படுகையில் வடித்துக் கொடுத்தது. ஹம்பர்க் அப்படியே கொடுத்தது. இரு ஊரின் எல்லையாக இருந்த தெருவில் ஒரு பக்கம் சாவு, மறுபக்கம் சுகம்! கிருமி ஆராய்ச்சியில் பெயர் பெற்ற ராபர்ட் கோக் இதை நேரில் ஆராய்ந்தார். மறு ஆண்டே ஹம்பர்க்கும் மணல் வடிப்புக்கு மாறியது.

"அப்படியானால் நம் ஃபில்டரிலும் மணல்தானே இருக்கிறது?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அல்டோனாவில் தண்ணீர் பரந்த மணற்படுகை வழியாக மிக மெதுவாக இறங்கியது. மணலின் மேல் வழவழப்பான ஓர் உயிர்ப்படலம் வளர்ந்து கிருமிகளைப் பிடித்துத் தின்றது. நம் வாசல் ஃபில்டரிலோ தண்ணீர் விரைந்தோடிப் போகிறது. அது மண்ணைப் பிடிக்கும். கிருமியைப் பிடிக்கும் என்று நம்பக்கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கரி உள்ள ஃபில்டர் குளோரின் வாடையை எடுத்துவிடும். வாடையோடு அதன் காவலும் போய்விடும். அப்படி வந்த தண்ணீரைத் தொட்டியில் நாள்கணக்கில் தேக்கினால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆகவே கூரைத் தொட்டிக்குப் போகும் வழியில் மணல் மட்டும் இருக்கட்டும். கரி வேண்டுமானால் சமையலறைக் குழாயில் இருக்கட்டும். தொட்டியை ஆண்டுக்கு ஒரு முறையாவது இறக்கிக் கழுவுங்கள்.

முதலில் தெளிவு, பிறகு சுத்தம்

கலங்கிய தண்ணீரில் குளோரின் ஊற்றினால், மண்ணும் அழுக்குமே அதைத் தின்றுவிடும். கிருமி மண்துகளுக்குள் ஒளிந்து தப்பிக்கும். எனவே வரிசை முக்கியம்: தெளிய வைத்தல், வடித்தல், கிருமியைக் கொல்லுதல்.

மெல்லிய மண்துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நாள்கணக்கில் மிதக்கும். சுத்திகரிப்பு நிலையத்தில் படிகார உப்பைச் சேர்த்து அவற்றை ஒட்டவைத்து அடியில் இறக்குகிறார்கள். நம் முன்னோர் இதற்குத் தேற்றாங்கொட்டையைப் பானையில் உரைத்தார்கள். அந்த விதையால் கலங்கல் நீர் தெளிவதைக் கலித்தொகையிலேயே உவமையாகக் காணலாம். நம் லயத்து வேலியோர முருங்கையின் முற்றிய விதைக்கும் இந்தக் குணம் உண்டு. ஆனால் இவையெல்லாம் தெளிய வைக்குமே தவிர, கிருமிக்கு முடிவு கட்டாது.

முடிவு கட்டுவது கொதிக்கவைப்பது. தளதளவென்று கொதித்த தண்ணீரை மூடி ஆறவைத்து, மூடிய பாத்திரத்திலேயே வையுங்கள். வெள்ள நேரத்தில் அடுப்புக்கு வழியில்லையென்றால், வாசனை சேர்க்காத 5 முதல் 6 விழுக்காடு வீட்டுக் குளோரின் திரவத்தைத் தெளிந்த தண்ணீரில் லிட்டருக்கு 2 துளி விட்டுக் கலக்கி அரை மணி நேரம் வையுங்கள். கைக்குழந்தைக்குக் கொதித்த தண்ணீரே உத்தமம். மண்ணெண்ணெய், உரம், பூச்சிமருந்து கலந்த தண்ணீரை மட்டும் எதனாலும் சரிசெய்ய முடியாது, தொடவே தொடாதீர்கள்.

பிள்ளைகள் நீச்சல் குளத்துக்குப் போகிறார்களா?

பள்ளி விடுமுறையில் பட்டணத்துக் குளங்களுக்குப் பிள்ளைகள் போகிறார்கள். அங்கே இருப்பதும் இதே மணல் ஃபில்டர், இதே பேக்வாஷ்தான். தண்ணீரைத் தள்ள மோட்டார் மட்டும் பெரிது. குளம் கலங்கினால் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது குளோரின் போதவில்லை. புளிப்பு-காரத்தன்மை 7.2-க்கும் 7.8-க்கும் இடையே இல்லாவிட்டாலும் கோளாறு வரும்; காரம் ஏறினால் ஊற்றிய குளோரினுக்கும் வேகம் குறையும்.

பெற்றோருக்கு ஒரே விதி: ஆழப் பக்கத்தின் அடித்தரை தெளிவாகத் தெரியாவிட்டால் பிள்ளையை இறக்காதீர்கள். கிருமி பயம் மட்டுமல்ல. கலங்கிய குளத்தில் மூழ்கும் பிள்ளை யார் கண்ணுக்கும் தெரியாது.

கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

இன்னும் தோட்ட வீடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் தொழிலாளர் வீட்டு வசதி பற்றியது. தோட்டத் தொழிலாளிக்குக் கொடுக்கும் வீட்டில் போதிய குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவது முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. நாள்தோறும் சேறு வந்தால், தேதியைக் குறித்து, போத்தலில் கொஞ்சம் பிடித்து, நாலு வீட்டார் சேர்ந்து நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள். பலனில்லையென்றால் தொழிலாளர் இலாகா இருக்கிறது. தாமான் வீடுகளில் உள்ளவர்கள் மாநிலத் தண்ணீர் நிறுவனமான சாடாவிடம் புகார் செய்யலாம். "எப்போதும் இப்படித்தான் வருது" என்பதைவிட, "எந்த நாள், எந்த நேரம், எத்தனை வீடு" என்று சொல்லும் புகாருக்கு வலு அதிகம்.

தோட்டம் திறந்த காலத்தில் நம் பாட்டன் பூட்டன்மார் ஓடைத் தண்ணீரைக் குடித்து, வயிற்றுக்கடுப்பிலும் வாந்திபேதியிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். அவர்களுக்கு வழியும் தெரியவில்லை, வசதியும் இல்லை. நமக்குக் குழாய் இருக்கிறது, ஃபில்டர் இருக்கிறது, அடுப்பும் இருக்கிறது.

நாளைக் காலை முதல் வேலையாக அந்தக் கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள், சகோதரிகளே. சாக்கடைக்கு ஓடும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்த பிறகு, வாரம் ஒரு முறை கழுவ வேண்டும் என்று யாரும் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்காது. கழுவி முடித்த கையோடு, குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவையுங்கள். தெளிவைக் கண் பார்த்துக்கொள்ளும். சுத்தத்துக்கு அடுப்புதான் சாட்சி.